காவல் நாய்க்கு மரக்கூடு

எல்லப் பகுதிக் கமக்காரர்க்கான குறிப்புகள்

ஊவா மலைச்சரிவுகளில் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணுவோருக்கு, அறுவடைக்கு முந்திய சில வாரங்களே மிகுந்த கவலைக்குரிய காலமாகும். நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி ஒரே இரவில் ஒரு முழு வயலையும் உழக்கிவிடும். உருளைக்கிழங்கு, வற்றாளை, மரவள்ளி ஆகியவற்றை முள்ளம்பன்றி தோண்டித் தின்னும். போஞ்சியின் இளந்தளிரை முயலும் மரையும் கடித்துச் செல்லும். இவற்றிற்கெதிராகக் கமக்காரனிடம் உள்ள காவல்களில் மலிவானதும், இரவு முழுவதும் விழித்திருப்பதும் நாயே ஆகும்.

ஆயினும் அந்த நாய் எங்கே படுக்கின்றது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வயலோரத்தில் ஒரு முளையில் கட்டப்பட்டு, மழையிலும் பனியிலும் நனைந்து கிடக்கும் நாய் விரைவில் நோயுறும். நோயுற்ற நாய் குரைப்பதில்லை. மேலும், காட்டை அடுத்த இடங்களில் வெட்டவெளியில் சங்கிலியிற் கட்டுண்ட நாய் சிறுத்தைக்கு எளிதில் இரையாகின்றது. நாயை இழந்த கமம் அன்றிரவே காவலையும் இழக்கின்றது. ஆதலால் நாய்க்கூடு என்பது ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியையும் தெளிகருவியையும் போலக் கமத்துக்கு வேண்டிய உபகரணங்களுள் ஒன்றாகும். அதனைத் தெரிவு செய்யும் முறையையும் பூட்டும் முறையையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

நாயின் வேலை யாது?

கூட்டின் அமைப்பை முடிவு செய்யுமுன் நாயின் வேலை இன்னதெனத் தெளிதல் வேண்டும். காவல் நாயின் வேலை குரைத்து அறிவித்தலே. பன்றியோடு போரிடுதல் அன்று. ஆண் பன்றியின் கொம்புப் பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். முள்ளம்பன்றியின் முட்கள் நாயின் முகத்திலும் வாயிலும் ஆழத் தைத்துச் சீழ் வைக்கும். நாய் குரைத்தவுடன் பரணிலோ வீட்டிலோ உள்ளவர் எழுந்து விளக்கைக் காட்டி ஓசை எழுப்பினாற் போதும்.

இருளில் நாய்க்குக் கண்ணினும் மூக்கும் செவியுமே பெருந்துணை புரிகின்றன. எனவே கூட்டினுள் இருந்தவாறே அது தன் வேலையைச் செவ்வனே செய்யும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் கமத்தொழில் நூல் எழுதிய கொலுமெல்லா என்பார், பண்ணைக் காவலுக்குக் கறுப்பு நாயே தக்கது என்று கூறியுள்ளார். பகலில் அதன் தோற்றம் கள்வனை அச்சுறுத்தும். இரவில் அது அவன் கண்ணுக்குப் புலப்படாது என்பது அவர் காட்டும் காரணம். அக்காலத்துப் பண்ணையாளரும் நாயின் காவலை இத்துணைக் கருத்தோடு ஆராய்ந்தனர் என்பது இதனால் விளங்கும்.

காலநிலையும் கூட்டின் முகமும்

எல்ல ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,040 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே இரண்டு காற்றுகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையுள்ள பெரும்போக காலத்தில் மழையிற் பெரும்பகுதி பெய்கின்றது. அம்மாதங்களின் பிற்பகுதியில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சாய்வாக அடித்து வரும். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே தன் மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவுக்கு வறண்ட பலத்த காற்றாக வந்து சேரும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பது இக்காற்றே. கூட்டின் கூரையைப் பிடுங்கி எறிவதும் இக்காற்றே.

ஆகவே கூட்டின் வாசல் வடகிழக்கையோ மேற்கையோ நோக்கியிருத்தல் ஆகாது. பொதுவாகத் தென்கிழக்கு நோக்கிய வாசலே நன்று. குளிரும் ஈரமும் மிகுந்த டிசெம்பர், ஜனவரி மாதங்களில் சூரியன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே உதிப்பதால், காலை வெயில் நேராக உள்ளே விழுந்து படுக்கையை உலர்த்தும்.

எனினும் மலைநாட்டில் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் காற்று தன் வழியே திரும்பும். எல்லக் கணவாயை அண்டிய சரிவுகளில் இது நன்கு தெரியும். ஒரு கம்பில் கந்தைத் துணியொன்றைக் கட்டி, கூடு வைக்கக் கருதிய இடத்தில் நட்டு, சில நாட்கள் மாலையிலும் இரவிலும் கவனித்துக் கொள்க. துணி எப்பக்கமாகப் பறக்கின்றதோ அப்பக்கத்துக்கு வாசலை வைப்பின் காற்று உள்ளே புகாது.

இடம் தெரிதல்

கூடு மேட்டு நிலத்தில் இருத்தல் வேண்டும். படிக்கட்டு வயல்களில் வரம்பை ஒட்டிய இடம் எப்போதும் ஈரமாயிருக்கும், அதனைத் தவிர்க்க. கூட்டைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மழைநீரை வடியச் செய்க. கிணறு, ஊற்று, கீரைப்பாத்தி, சிறுவர் விளையாடும் முற்றம் ஆகியவற்றுக்கு அருகில் கூடு இருத்தல் தகாது. ஏனெனில் நாயின் மலத்தில் கொக்கிப்புழு முதலிய புழுக்களின் முட்டைகள் இருக்கக்கூடும்.

காட்டோரத்திலோ, புதர் மண்டிய ஓடைக்கரையிலோ, கைவிடப்பட்ட தேயிலை மலையின் விளிம்பிலோ கூட்டை வைக்க வேண்டாம். சிறுத்தை பதுங்கி வரும் வழிகள் இவை. வீட்டிலிருந்தோ பரணிலிருந்தோ கூப்பிடு தூரத்தில், சுற்றிலும் புல் செதுக்கிய வெளியான இடமே சிறந்தது.

அளவு எடுத்தல்

கூடு பெரிதாக இருந்தால் நாய்க்கு வசதி என்று எண்ணுவது பிழை. நாயின் உடற்சூடே கூட்டைச் சூடாக்குவது. மிகப் பெரிய கூட்டில் அச்சூடு நில்லாது. நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதிய இடம் இருப்பின் அமையும்.

மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அதனோடு காற்பங்கைக் கூட்டின் உள்நீளம் கிடைக்கும். நாய் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து தலையுச்சி வரை அளந்து, காற்பங்கைக் கூட்டின் உள்ளுயரம் கிடைக்கும். வாசலின் அகலம் நெஞ்சின் அகலத்திலும் 4 அங்குலம் மிகுந்திருக்கலாம். வாசலின் உயரம் தோளின் உயரத்திலும் ஓரங்குலம் குறைந்திருப்பினும் நாய் தலை தாழ்த்தி நுழையும். குட்டி நாய்க்குக் கூடு செய்வோர் அது வளர்ந்தபின் அடையும் அளவை, தாய் நாயைப் பார்த்து மதிப்பிடுக.

உதாரணமாக, நம் ஊர் நாயொன்று 28 அங்குல நீளமும், உட்கார்ந்த நிலையில் 24 அங்குல உயரமும், தோளில் 19 அங்குல உயரமும், நெஞ்சில் 8 அங்குல அகலமும் உடையதாயின், கூட்டின் உள்நீளம் 36 அங்குலம், ஆழம் 26 அங்குலம், முன்பக்க உயரம் 31 அங்குலம், பின்பக்க உயரம் 25 அங்குலம், வாசல் 12 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் என வைத்துக்கொள்ளலாம். கீழே தரப்படும் மரக்கணக்கு இவ்வளவுக்கு உரியது.

மரம் தெரிதல்

தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நடப்பட்டு, சவுக்கு என்று வழங்கும் கிரெவில்லியா மரமே இப்பகுதியில் எளிதிற் கிடைப்பது. அதன் பலகை இலேசானது. வாளுக்கும் சீவுளிக்கும் இணங்கும். சுவருக்கும் கூரைக்கும் போதுமானது. ஆனால் மண்ணைத் தொட்டால் விரைவில் உக்கும், கறையானுக்கும் இரையாகும். ஆதலால் கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் பலா போன்ற வைரமுள்ள மரத்தைக் கொள்க. பலா மரத்தைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி பெறுதல் வேண்டும் என்பதை மறவாதீர். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும் பலாச் சலாகைகள் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை. பைனஸ் பலகையும் பயன்படும். ஆயின் வெளிப்புறத்துக்கு எண்ணெய்ப் பூச்சு அவசியம்.

பச்சை மரத்தை உடனே பயன்படுத்த வேண்டாம். அது உலரும்போது முறுகி வெடிக்கும். பலகைகளுக்கிடையே குச்சிகளை வைத்து, மழை படாத இடத்தில் அடுக்கி, காற்றில் நன்கு உலர்த்திய பின்னரே வெட்டுக. ஒட்டுப்பலகைப் பெட்டிகள் மழையில் நனைந்தவுடன் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

ஆயத்தக் கூடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

நகரங்களில் ஆயத்தமாக விற்கப்படும் கூடுகளை வாங்க விரும்புவோர் பின்வருவனவற்றைப் பரிசோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

1. அடித்தளம் நிலத்திலிருந்து குறைந்தது 6 அங்குலமாவது உயர்ந்திருக்கின்றதா?
2. கூரையைத் தூக்கியோ திறந்தோ உட்புறத்தைக் கழுவ முடியுமா?
3. பலகையின் கனம் முக்கால் அங்குலத்துக்குக் குறையாதிருக்கின்றதா?
4. ஆணி முனைகள் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா?
5. வாசல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கின்றதா?

ஐந்தாவதன் காரணம் யாதெனில், வாசல் ஓரமாக இருப்பின் மறுகோடியில் நாய் காற்றும் சாரலும் படாமற் சுருண்டு படுக்கும் என்பதே. அழகிய வர்ணப்பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க.

வேண்டிய பொருள்கள்

2 அங்குலச் சதுரச் சலாகை: 40 அடி. இதில் 40 அங்குல முன்கால் 2, 34 அங்குலப் பின்கால் 2, 40 அங்குல நெடுஞ்சட்டம் 4, 46 அங்குலக் கைமரம் 3 வெட்டலாம்.

6 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள பலகை: 130 அடி. இதில் முன், பின் சுவர்களுக்கு 42 அங்குலத் துண்டு 11, பக்கச் சுவர்களுக்கு 30 அங்குலத் துண்டு 12, தளத்துக்கு 30 அங்குலத் துண்டு 7, கூரைக்கு 52 அங்குலத் துண்டு 8 வெட்டலாம். எஞ்சும் துண்டுகள் கதவுக்கு உதவும்.

52 அங்குல நீளமுள்ள மெல்லிய பட்டிகை 2, 52 அங்குலத்துக்கு 46 அங்குலம் மூடத்தக்க நெளிதகரம், துத்தநாகம் பூசிய 2 அங்குல ஆணி, சட்டங்களுக்குத் திருகாணி, பிணைச்சல் 2, இரும்புத் தாழ்ப்பாள் 1, கூரையைப் பிடிக்கக் கொக்கி 4, தட்டையான கற்கள் 5.

பூட்டும் முறை

முதலாவதாக நிலத்தை மட்டப்படுத்தி நான்கு கற்களைப் பதித்து, நீர்மட்டம் வைத்துச் சரிபார்க்க. கல்லுக்கும் காலுக்கும் இடையே காலினும் சற்று அகன்ற தகரத் துண்டை வைத்தால், கறையான் மறைவாக மேலேறுவது தடைப்படும். கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழக்கம் வேண்டாம். அந்நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

இரண்டாவதாக, முன்கால் இரண்டையும் நிலத்திற் கிடத்தி, அடியிலிருந்து சட்டத்தின் மேல்விளிம்பு 8 அங்குலத்தில் அமையுமாறு கால்களின் உட்பக்கத்தில் ஒரு நெடுஞ்சட்டத்தையும், உச்சியில் மற்றொன்றையும் திருகாணியால் இணைக்க. பின்கால்களையும் அவ்வாறே இணைக்க. திருகாணி இறங்கும் இடத்தில் முன்னரே சிறு துளையிட்டாற் சலாகை பிளவாது. இப்போது திருகாணிகளை முற்றாக இறுக்க வேண்டாம்.

மூன்றாவதாக, இரு சட்டங்களையும் கற்களின் மேல் நிமிர்த்தி, வெளிப்புற அளவு 40க்கு 30 அங்குலமாக நிறுத்தி, தளப் பலகைகள் சிலவற்றால் தற்காலிகமாகப் பிணைக்க. பின்னர் மூலைக்கு மூலை குறுக்காக இரு பக்கமும் கயிறு பிடித்து அளக்க. இரண்டு அளவும் ஒத்திருந்தால் கூடு சதுரமாக நிற்கின்றது என்று பொருள். ஒவ்வாவிடின் நீண்ட பக்கத்து மூலையைத் தட்டிச் சரிசெய்து, அதன்பின்னரே எல்லாத் திருகாணிகளையும் இறுக்குக. இந்த ஒரு காரியத்தைப் பொறுமையுடன் செய்தால் பின்னால் கூரையும் கதவும் தாமாகவே பொருந்தும்.

நான்காவதாக, தளப் பலகைகளை முழுவதும் பரப்பி ஆணியடிக்க. பலகைகளுக்கிடையே ஒரு நெல்மணி நுழையும் அளவு இடைவெளி விடுக. கழுவிய நீர் அதன் வழியே வடியும்.

ஐந்தாவதாக, பின் சுவர், பக்கச் சுவர், முன் சுவர் என்ற ஒழுங்கில் பலகையடிக்க. கீழிருந்து தொடங்கி, முதற் பலகை தளத்தின் விளிம்பை மறைக்குமாறு அடித்து, ஒவ்வொரு மேற்பலகையும் கீழ்ப்பலகையின் மேல் முக்கால் அங்குலம் படியுமாறு அமைக்க. அப்போது மழைநீர் உள்ளே கசியாது வழிந்துவிடும். முன் சுவரின் முதற் பலகையை வெட்டாமல் முழுதாக விட்டால், அது 5 அங்குல உயரமுள்ள வாசற்படியாக நின்று வைக்கோல் வெளியே சிந்தாமல் தடுக்கும். அதன்மேல் ஒரு பக்கமாக வாசலை வெட்டுக. வாசலின் இருபுறமும் பலகை முனைகளை உட்புறத்தே ஒரு துண்டுச் சலாகையால் இணைத்து, ஓரங்களை மணற்கடதாசியால் தேய்த்து மழமழப்பாக்குக. ஐந்தாவது கல்லை வாசலுக்கு முன்னே படிக்கல்லாக இடுக.

ஆறாவதாக, கூரையைத் தனியே செய்க. மூன்று கைமரங்களின் மேல் 52 அங்குலப் பலகைகளை அடித்து, அவற்றின்மேல் இரு பட்டிகைகளை வைத்து, அதன்மேல் தகரத்தைப் பூட்டுக. தகரத்துக்கும் பலகைக்கும் இடையே காற்று ஓடுவதால் பகலில் வெப்பம் இறங்காது. இரவிற் பனிநீர் துளித்துச் சொட்டாது. தகரத்தை மட்டும் கூரையாக இடுவது நாய்க்குப் பெருந்துன்பம். தகரம் கிடையாதோர் மானாப்புல்லால் வேயலாம். ஆயின் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.

இருவர் சேர்ந்து கூரையைத் தூக்கி வைத்து நான்கு கொக்கிகளால் மாட்டுக. கைமரத்தின் கனத்தால் சுவருக்கும் கூரைக்கும் இடையே 2 அங்குல இடைவெளி தங்கும். நாயின் தலைக்கு மேலே காற்றோட்டத்துக்கு இது போதும். பெருமழைக் காலத்தில் பின்புற இடைவெளியை ஒரு பட்டிகையால் மூடிவிடலாம்.

இரவுக் கதவு

சிறுத்தை நடமாடும் இடங்களில் கதவு இன்றியமையாதது. 2 அங்குல இடைவெளி விட்டு வலிய சலாகைத் துண்டுகளால் அழிக்கதவு செய்து, பிணைச்சலில் பூட்டி, வெளியே இரும்புத் தாழ்ப்பாள் இடுக. அழியூடாக நாய் மோப்பம் பிடிக்கும், குரைக்கும். சிறுத்தையின் கால் உள்ளே புகாது. பொழுதுபட்டதும் நாய்க்கு உணவு கொடுத்து உள்ளே விட்டுத் தாழிடுக, விடிந்ததும் திறந்துவிடுக.

சிறுத்தை நமக்குப் பகையன்று. அது காட்டுப்பன்றியையும் மரையையும் வேட்டையாடி அவற்றின் தொகையைக் குறைக்கின்றது. அது சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்குமாகும். பன்றிக்கென வைக்கும் கம்பிக் கண்ணி சிறுத்தையையும் கொல்லும். வைத்தவரின் நாயையும் கொல்லும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையொன்று, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனமை நினைவிற் கொள்ளத்தக்கது. கண்ணியை விடுத்து, வேலியையும் விளக்கையும் நாயின் குரலையும் நம்புவதே நன்று.

பகலில் நாயைக் கட்ட வேண்டியிருப்பின், இரு கம்பங்களுக்கிடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்திற் சங்கிலியை மாட்டுக. நாய் நடமாடவும் கூட்டுக்குள் போகவும் இயலும். சங்கிலி கால்களிற் சுற்றாது.

பூச்சும் படுக்கையும்

வெளிப்புறத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயோ மரத்துக்குரிய வர்ணமோ பூசி, மணம் நீங்கும்வரை உலரவிடுக. கழித்த இயந்திர எண்ணெய், தார் எண்ணெய் ஆகியவற்றைப் பூச வேண்டாம். நாய் மரத்தைக் கடித்து நக்கும் இயல்புடையது.

படுக்கைக்கு உலர்ந்த வைக்கோலைவிடச் சிறந்தது வேறில்லை. அது ஒவ்வொரு கமக்காரரிடமும் உண்டு. உமி கண்ணிலும் மூக்கிலும் புகும். உரச்சாக்கையும் பீடைநாசினிப் பெட்டிகளையும் படுக்கையாக இடுவதும், நாசினிக் கலன்களில் நீர் வைப்பதும் நாயைக் கொல்லும் செயல்களாம். வாரந்தோறும் வைக்கோலை மாற்றுக. பழைய வைக்கோலை மரக்கறிப் பாத்திக்குரிய கூட்டெருவிற் சேர்க்காது எரித்துவிடுக. கூரையைக் கழற்றி மாதமொருமுறை சவர்க்கார நீராற் கழுவி வெயிலிற் காய வைத்தால் உண்ணியும் தெள்ளும் பெருகா. எஞ்சிய சோற்றைக் கூட்டின் அருகே விட்டுவைத்தல் தகாது. அது எலியை அழைக்கும். எலியின் சிறுநீர் வயல் வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சலைக் கொணரும்.

விசர்நோய்த் தடுப்பு

எத்துணை நல்ல கூடு அமைத்தாலும், தடுப்பூசி ஏற்றாத நாய் வீட்டுக்கு ஆபத்தே. விசர்நோயின் குறிகள் மனிதரில் தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. நாய்களின் விசர்நோயைத் தடுக்க நம் நாட்டில் 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுக. உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவு செய்க. தடுப்பூசி ஏற்றும் நாளையும் இடத்தையும் கால்நடை வைத்திய அலுவலகத்திலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறிக.

எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. காட்டு விலங்கோடு சண்டையிட்டுக் காயப்பட்ட நாயை வெறுங்கையால் தொடாமல், கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவிக்க.

முடிவுரை

நாலு கால்களும், நூற்றுச் சொச்சம் அடிப் பலகையும், ஒரு தகரமும், இரண்டு நாள் உழைப்புமே இக்கூட்டுக்கு வேண்டியவை. போகம் தொடங்குமுன் ஓய்வான நாட்களில் இதனைச் செய்து முடிக்க. ஒரு தோட்டத்திலோ கிராமத்திலோ உள்ள சிலர் ஒன்றுசேர்ந்து பலகை வாங்கி, ஒரே அளவில் வெட்டி, ஒருவருக்கொருவர் கைகொடுத்துப் பூட்டின் செலவும் குறையும். பயிர்க்காவல் பற்றிய ஏனைய ஐயங்களை உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. உலர்ந்த வைக்கோலில், தாழிட்ட கதவுக்குள் உறங்கி எழும் நாய், கதிர் முற்றும் இரவுகளில் உங்கள் வயலுக்குத் தவறாது குரல் கொடுக்கும்.